நகரம், கிராமம், தோட்டம்: இலங்கைப் பிள்ளைகளின் மந்தபோசணை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

நகரத்துப் பிள்ளைகளை விடக் கிராமத்துப் பிள்ளைகளிடம் மந்தபோசணை, அதாவது ஊட்டக்குறைவு, கூடுதல் என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியும் போக்கு. இந்தியாவின் 2015-16 தேசிய குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். வயதுக்கேற்ற உயரம் இல்லாத, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நகரத்தில் 31 சதவீதம், கிராமத்தில் 41.2 சதவீதம். அதே ஆய்வில் தமிழ்நாட்டை மட்டும் எடுத்தால் நகரம் 25.5, கிராமம் 28.7. பத்துப் புள்ளி இடைவெளி மூன்று புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. அப்படியானால் இந்த இடைவெளி இயற்கையாக விளைவதல்ல. ஒரு நாடோ மாநிலமோ அதைக் கூட்டவும் முடியும், குறைக்கவும் முடியும்.

இலங்கையின் 2016ஆம் ஆண்டு குடிசனவியல், சுகாதார ஆய்வில் இடைவெளி இன்னும் சிறியது. நகரம் 14.7, கிராமம் 17.0. இந்தியாவில் பார்த்ததை விட நெருக்கம் இது. ஆனால் அந்த அட்டவணையில் மூன்றாவதாக ஒரு வரியும் இருக்கிறது. தோட்டம்: 31.7.

இந்த ஆய்வுக்கு இலங்கையை எடுத்துக்கொண்டது அந்த மூன்றாவது வரிக்காகத்தான். நகரத்துக்கும் கிராமத்துக்கும் நடுவே இரண்டு புள்ளிதான் வித்தியாசம். கிராமத்துக்கும், அதன் வேலியை ஒட்டியே இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் நடுவே பதினான்கு புள்ளிக்கு மேல். நகரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்ற கேள்வி இதை விளக்காது. அரசின் சேவை எந்த எல்லைக்கோட்டில் நின்றது என்று கேட்டால்தான் விளங்கும்.

மூன்று துறைகள், அவற்றின் எல்லைகள்

மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பது நகரம். 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும், அங்கேயே வசிக்கும் தொழிலாளர் 10 பேருக்குக் குறையாமலும் உள்ள பெருந்தோட்டம் தோட்டத்துறை. மிச்சமெல்லாம் கிராமம். 2012 தொகைமதிப்பின்படி மக்களில் 77.4 சதவீதத்தினர் கிராமத்தவர், 18.2 சதவீதத்தினர் நகரத்தவர், 4.4 சதவீதத்தினர் தோட்டத்தவர்.

இந்த வகைப்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. முன்பு பட்டின சபைகள் இருந்த ஊர்கள் 1987இல் கிராமப்புற உள்ளாட்சியான பிரதேச சபைகளுக்குள் போய்விட்டன. பஸ் நிலையம், வங்கி, கடைத்தெரு எல்லாம் இருந்தும் அவை கணக்கில் கிராமம்தான். நகர, கிராம இடைவெளி இத்தனை சிறிதாகத் தெரிவதில் இந்தக் கணக்கு முறைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஆனால் முழுக்க இதனால்தான் என்று சொல்லிவிட முடியாது.

கிராமத்தை நகரத்தோடு நெருங்கவைத்த பெரிய காரணம் பொதுச் சுகாதாரம். 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதல் சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்த அமைப்பு அது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, அதன் கீழ் வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது எல்லோரும் மிட்வைஃப் என்று கூப்பிடும் அந்தப் பெண். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே பதிவு செய்து, பிறந்த பின் மாதாமாதம் நிறை பார்த்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பவர் அவர்தான். இலவசக் கல்வி, இலவச வைத்தியம், நீண்டகாலம் இருந்த அரிசிப் பங்கீடு எல்லாமே கிராமத்துக்குள் போய்ச் சேர்ந்தன. வீட்டைச் சுற்றி ஒரு துண்டு நிலமும் கிராமத்தவருக்கு இருந்தது. பலா, ஈரப்பலா, முருங்கை, தென்னை என்று காசு இல்லாத நாளிலும் அடுப்பில் வைக்க ஏதாவது கிடைக்கும்.

உயரம் ஒரு கதை, மெலிவு வேறு கதை

மந்தபோசணை என்ற ஒரே பெயருக்குள் மூன்று அளவுகள் இருக்கின்றன. வயதுக்கேற்ற உயரம் இல்லையென்றால் உயரக்குறைவு. அது நீண்டகாலப் பற்றாக்குறையின் தடம். உயரத்துக்கேற்ற நிறை இல்லையென்றால் மெலிவு. அண்மைக் காலத்துப் பசியையோ நோயையோ காட்டும். வயதுக்கேற்ற நிறை இல்லையென்றால் நிறைகுறைவு. முதல் இரண்டின் கலவை.

2016 ஆய்வில் மெலிவைத் தனியாக எடுத்தால் வரிசை மாறிவிடுகிறது. கிராமத்தில் 15 சதவீதத்துக்குச் சற்று மேல், தோட்டத்திலும் நகரத்திலும் 13 சதவீதத்தை ஒட்டி. மெலிவு மிக அதிகமான இடங்களில் ஒன்று மொனராகலை. அங்கே நான்கில் ஒரு பிள்ளை மெலிந்த பிள்ளை. மொனராகலை வறண்ட பூமி. மழை பொய்த்தால், காட்டை வெட்டி எரித்துச் செய்யும் சேனைப் பயிரும் இல்லை, கூலி வேலையும் இல்லை. உயரக்குறைவில் முதலிடம் குளிர்ந்த, மழை பெய்யும் நுவரெலியாவுக்கு, 32.4 சதவீதம். கொழும்புச் சந்தைக்குப் போகும் கரட்டும் லீக்ஸும் கோவாவும் (முட்டைக்கோஸ்) உருளைக்கிழங்கும் விளைகிற அதே மாவட்டம்.

உலக சுகாதார நிறுவனத்தின் தர அளவில் உயரக்குறைவு 30 சதவீதத்தையும், மெலிவு 15 சதவீதத்தையும் தொட்டால் 'மிக அதிகம்'. ஆக, கிராமம் மெலிவில் அந்தக் கோட்டைத் தாண்டுகிறது, தோட்டம் உயரக்குறைவில் தாண்டுகிறது. 'கிராமத்தில் நிலைமை மோசமா, தோட்டத்தில் மோசமா' என்று ஒரே மூச்சில் கேட்பவருக்கு ஒரே பதில் கிடைக்காது. எந்த அளவைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

தோட்டத்தில் மெலிவு குறைவாக இருப்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளும் தவறு அடிக்கடி நடக்கிறது. அதை ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். இரண்டு வயது நிறைந்த ஒரு பெண் பிள்ளை. நிறை 9.2 கிலோ, நீளம் (படுக்கவைத்து அளந்த உயரம்) 78 சென்டிமீட்டர். இந்த வயதுப் பெண் பிள்ளைக்கு நடு அளவு நிறை 11.5 கிலோ, நிறைகுறைவின் எல்லை 9 கிலோ. எனவே அட்டையில் இவளுடைய புள்ளி, நிறைகுறைவைக் காட்டும் செம்மஞ்சள் பட்டைக்குள் விழாது. 78 சென்டிமீட்டர் உடம்புக்கு 9.2 கிலோ போதுமான நிறை, அதனால் மெலிவும் இல்லை. ஆனால் இரண்டு வயதில் நீளத்தின் எல்லை 80 சென்டிமீட்டர். நடு அளவு 86.4. இவள் அந்த எல்லைக்கும் கீழே. குறைந்த நிறை குறைந்த உயரத்தோடு பொருந்திப்போவதால் தராசு இவளைக் காட்டிக்கொடுப்பதில்லை.

மாதாமாதம் கிளினிக்கில் பார்ப்பது நிறையை. நீளம் இடையிடையேதான் பார்க்கப்படுகிறது, அதுவும் நீளம் அளக்கும் பலகை சரியாக இருந்து, அழும் பிள்ளையின் காலை நீட்டிப் பிடிக்க இன்னொருவரும் இருந்தால். திரிபோஷா யாருக்கு என்று தீர்மானிப்பதும் பெரும்பாலும் நிறைதான். மக்காச்சோளமும் சோயாவும் சேர்ந்த இந்தச் சத்துமா 1973இல் தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் கொடுப்பது போக, பிள்ளைகளில் நிறை குறைந்தவர்களைத் தேடிக் கொடுக்கும் திட்டம். மேலே சொன்ன பெண் பிள்ளை அதன் கண்ணில் படமாட்டாள். கிராமத்து மெலிவுக்கு ஓரளவு பொருந்துகிற கருவி, தோட்டத்து உயரக்குறைவுக்குப் பொருந்தவில்லை.

'அவங்க பரம்பரையே கட்டைதான்'

இந்தப் பேச்சைத் தோட்டத்துக்கு வெளியே மட்டுமல்ல, தோட்டத்துக்குள்ளும் கேட்கலாம். படித்தவர்களும் சொல்கிறார்கள். இதை நேராக மறுத்தாக வேண்டும், ஏனென்றால் இதை ஒப்புக்கொண்டால் அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றாகிவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சித் தரம் வெள்ளைக்காரப் பிள்ளைகளை மட்டும் அளந்து எழுதியதல்ல. பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் 1997 முதல் 2003 வரை அளந்த பிள்ளைகளிலிருந்து எழுந்தது. இந்தியாவில் அளந்த இடம் தெற்கு டெல்லி. தாய் புகைபிடிக்காமல், தாய்ப்பால் கொடுத்து, சுத்தமான வீட்டில், நோய்க்கு உடனே வைத்தியம் கிடைத்து வளர்ந்த பிள்ளைகள் ஆறு நாட்டிலும் முதல் ஐந்து வருடம் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் உயர்ந்தார்கள்.

தாய் குட்டை என்றால் பிள்ளையும் சிறிதாகப் பிறக்கும், அது உண்மை. ஆனால் அந்தத் தாய் ஏன் குட்டையானார்? இன்றைய தாய்மாரின் உயரத்தில் அவர்களுடைய சொந்தப் பிள்ளைப்பருவம் பதிந்திருக்கிறது. 1973, 74 தோட்டத்தில் யாரும் மறக்காத வருடங்கள். உலகச் சந்தையில் உணவு விலை ஏறி, நாட்டில் அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு வந்தபோது, சொந்த நிலம் ஒரு அடியும் இல்லாத தோட்ட மக்கள்தான் கிழங்குக்கும் இலைக்கும் இறங்கினார்கள். அந்த ஆண்டுகளில் தோட்டப் பகுதிகளின் இறப்பு வீதம் நாட்டின் மற்ற பகுதிகளை விட்டு விலகி மேலே போனது. அப்போது கைக்குழந்தையாக இருந்து தப்பிய பெண், தொண்ணூறுகளில் தாய். 2016 ஆய்வு நடந்தபோது பாட்டி. மூன்று தலைமுறை உடம்பில் இருக்கும் குறையை ஒரு பாக்கெட் சத்துமா ஒரே வருடத்தில் தீர்க்காது. ஆனால் தலைமுறைக்குத் தலைமுறை கூடவும் குறையவும் செய்வது பரம்பரைக் குணமாக இருக்க முடியாது.

முதல் இரண்டு வருடம்

உயரக்குறைவின் பெரும்பகுதி தாயின் வயிற்றிலும், பிறந்து இரண்டு வருடத்துக்குள்ளும் உண்டாகிவிடுகிறது. அந்தக் காலத்தை மூன்று இடத்திலும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் எண்களின் பின்னால் இருப்பது தெரியும்.

தோட்டத்தில் காலை ஏழு, ஏழரைக்கெல்லாம், வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில், விட்டாக வேண்டும். மாலை வரை மலைச் சரிவில் கொழுந்து பறிக்கும் வேலை. நாளுக்கு இத்தனை கிலோ என்ற கணக்குக்குப் பறித்தால் ஒரு பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். வயிற்றில் பிள்ளையோடும் இதே வேலைதான் பல மாதம். உடம்பு செலவழிக்கும் சக்தி அதிகம், உள்ளே போவது கோதுமை மா ரொட்டி, சம்பல், கொஞ்சம் பருப்பு, சீனி போட்ட வெறுந்தேத்தண்ணி. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் தேத்தண்ணி, மரக்கறியிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். இரத்தச்சோகையோடு ஒரு தாய் பிரசவத்துக்குப் போகிறார். பிள்ளை நிறை குறைந்து பிறக்கிறது. குறைந்த பிறப்பு நிறை தோட்டத்தில் நாட்டுச் சராசரியை விடக் கூடுதலாகவே இருந்து வருகிறது.

அடுத்தது தாய்ப்பால். ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 82 சதவீதத்தினருக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கப்படுகிறது என்று 2016 ஆய்வு காட்டியது. இலங்கை பெருமைப்படக்கூடிய எண். ஆனால் சட்டம் தரும் பிரசவ விடுமுறை 84 நாள். மூன்றாவது பிள்ளையிலிருந்து இதுவும் குறைவாக இருந்தது. 2018இல் திருத்தி எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றாக்கினார்கள். வைத்தியர் ஆறு மாதம் என்கிறார், சட்டம் 84 நாள் என்கிறது. நடுவே இருக்கும் மாதங்களை யார் பார்ப்பது? கிராமத்தில் வீட்டோடு இருக்கும் தாய்க்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை. நகரத்தில் அலுவலகம் போகும் தாய் அம்மாவையோ மாமியாரையோ வைத்துச் சமாளிக்கிறார். கொழுந்து பறிப்பவருக்குப் பாலூட்ட இடைவேளை சட்டத்தில் உண்டு; ஆனால் அன்று பறிக்கும் மலை பிள்ளைக் காம்பராவிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தே அந்த இடைவேளைக்கு அர்த்தம் இருக்கும். ஏறி இறங்கப் போகும் நேரத்தில் கொழுந்து குறையும், பேர் போகும்.

ஆறு மாதத்துக்குப் பிறகு வரும் உணவுதான் எனக்கு மிகக் கவலை தரும் இடம். ஒரு வயதுப் பிள்ளையின் வயிறு சின்னது. ஒரு தடவையில் கொஞ்சம்தான் கொள்ளும். நாளுக்கு நாலைந்து தடவை, கெட்டியாக, முட்டையோ மீனோ பருப்போ எண்ணெயோ சேர்த்துக் கொடுக்க வேண்டும். காலையில் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைத்துக் கொடுத்து, பகல் முழுக்கக் காம்பராவில் கிடைப்பதைச் சாப்பிட்டு, இரவு ரொட்டியில் ஒரு துண்டு என்றால் வயிறு நிரம்பும், எலும்பு நீளாது. பிள்ளைக் காம்பராவின் தரம் தோட்டத்துக்குத் தோட்டம் மாறுகிறது. நல்ல கட்டடம், பயிற்சி பெற்ற பொறுப்பாளர், மதியச் சாப்பாடு எல்லாம் இருக்கும் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களும் உண்டு. பிள்ளைகளைப் பூட்டி வைத்துப் பார்த்துக்கொள்வதோடு சரி என்று இருப்பவையும் உண்டு.

லயன் என்ற வரிசை வீட்டின் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் விறகடுப்புப் புகை, வாசலில் திறந்த சாக்கடைக் கான், பல குடும்பத்துக்கு ஒரு பைப். தரையில் தவழும் பிள்ளை எதையும் வாயில் வைக்கும். வயிற்றோட்டம் வந்து வந்து போகும் பிள்ளைக்குச் சாப்பிட்டதும் ஒட்டாது. வெளியே தெரியும் வயிற்றோட்டம் இல்லாமலேகூட, தொடர்ந்து கிருமி போகும் குடலின் உட்சுவர் பழுதாகிச் சத்தை உறிஞ்சும் திறன் குறைந்துவிடுகிறது.

மது பற்றியும் சொல்ல வேண்டும். சம்பள நாளில் எவ்வளவு பணம் கசிப்புக்குப் போகிறது என்பது பல வீடுகளில் அடுப்பைத் தீர்மானிக்கிறது. ஆனால் தோட்டத்து மந்தபோசணை என்றதும் இதை மட்டும் தூக்கிப் பேசி மற்ற எல்லாவற்றையும் மறைப்பது நியாயமில்லை. குடி கிராமத்திலும் இருக்கிறது, நகரத்திலும் இருக்கிறது.

வேலிக்கு அந்தப் பக்கம்

பிரதேச சபை போடும் பாதை தோட்டத்து எல்லையோடு நின்றுவிடும். இது அலட்சியத்தால் மட்டும் நடந்ததல்ல, சட்டமே அப்படி இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபை தன் நிதியைச் செலவிட இடம் தரவில்லை. பாதை, குடிநீர், வடிகால், குப்பை எதற்கும். தோட்ட மக்கள் அந்தச் சபைகளுக்கு வாக்களித்தார்கள், உறுப்பினர்களை அனுப்பினார்கள். அந்த உறுப்பினர் தன் லயனுக்கு ஒரு கான்கூடக் கட்டித்தர முடியாது. இது திருத்தப்பட்டது 2018இல்தான். 2016 ஆய்வில் அளந்த ஒவ்வொரு தோட்டத்துப் பிள்ளையும் பழைய சட்டத்தின் கீழ் பிறந்த பிள்ளை.

சுகாதாரத்திலும் இதே கதை. கிராமத்தின் மிட்வைஃபுக்குச் சம்பளம் கொடுத்தது அரசு. தோட்டத்தில் டிஸ்பென்சரியும் மருத்துவிச்சியும் பிள்ளைக் காம்பராவும் நிர்வாகத்தின் பொறுப்பு. அதாவது தேயிலை விலை விழுந்தால் முதலில் வெட்டுப்படும் செலவு. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் போனது. தோட்டத்து ஆஸ்பத்திரிகளை அரசு கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பேற்றாலும், தோட்டத்துக்குள் வரும் அரசு மிட்வைஃபின் எண்ணிக்கையும், அவருக்குத் தமிழ் தெரியுமா என்பதும் இன்றும் கேள்விதான். பிள்ளைக்கு எதை, எப்படி, எத்தனை தடவை கொடுப்பது என்பதைச் சைகையால் விளக்க முடியாது.

இன்னும் பின்னால் போனால் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். மதுரை, திருச்சி, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் பக்கமிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாடற்றவர்களானார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நடுவே எண்ணிக்கையாகப் பங்குபோட்டது. எஞ்சியவர்களின் நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஏறத்தாழ முடிந்தது. சுதந்திரத்துக்குப் பிந்திய பல பத்தாண்டுகளில் இலங்கை தன் கிராமங்களுக்குள் பள்ளிக்கூடத்தையும் கிளினிக்கையும் கொண்டுபோனபோது, வாக்குக் கேட்டு வரும் அரசியல்வாதி கிராமத்துக்குப் போனார். வாக்கில்லாத லயனுக்குப் போக வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

வறுமைக் கணக்கும் இதில் ஒரு பாடம் தருகிறது. 2016இல் அன்றைய வறுமைக்கோட்டின்படி தோட்டத்தில் ஏழைகள் 8.8 சதவீதம்தான். அதே ஆண்டில் அங்கே மூன்றில் ஒரு பிள்ளை உயரம் குன்றிய பிள்ளை. கோடு திருத்தப்பட்ட பின் 2019இல் பார்த்தால் தோட்டத்தில் 51.3 சதவீதம், கிராமத்தில் 15, நகரத்தில் 6. மூன்று வருடத்தில் தோட்டம் இப்படி ஏழையாகிவிடவில்லை. பழைய கோட்டுக்குத் தெரியாமல் இருந்த வறுமை பிள்ளைகளின் உயரத்தில் ஏற்கெனவே தெரிந்துகொண்டிருந்தது.

நுவரெலியா எழுப்பும் சந்தேகம்

ஒரு இடத்தில் கணக்கு ஒத்துவரவில்லை, அதை மறைக்கக்கூடாது. நுவரெலியா மாவட்டத்தின் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தோட்டத்துறை, மற்றவர்களில் பெரும்பாலோர் கிராமம். தோட்டத்துறையின் தேசிய அளவு 31.7, நுவரெலியா மாவட்டம் முழுவதற்கும் 32.4. கிராமத்தவர் நாட்டுச் சராசரிக்குப் பக்கத்தில் இருந்தால் மாவட்ட அளவு இதைவிட நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். ஒன்று, நுவரெலியாத் தோட்டங்கள் மற்ற மாவட்டத் தோட்டங்களை விட மோசம். அல்லது, அந்த மாவட்டத்துக் கிராமங்களிலும் உயரக்குறைவு அதிகம். மாதிரி அளவின் பிழைக்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

இரண்டாவதற்கே என் மனம் சாய்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறி, பக்கத்துக் குடியேற்றங்களிலும் சின்னப் பட்டினங்களின் ஓரத்திலும் இருக்கும் குடும்பங்கள் கணக்கில் 'கிராமம்'. மரக்கறித் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகிறார்கள், தாயின் உயரம் அதேதான், சாப்பாடும் அதேதான். பிள்ளைக் காம்பராகூட இவர்களுக்கு இல்லை. தோட்டத்துறையின் எண் இறங்குவதைப் பார்த்துத் திருப்திப்படும் முன் இவர்களையும் தேடிப் பார்க்க வேண்டும்.

நகரத்தைப் பற்றிக் கொஞ்சம்

நகரத்தின் 14.7 சதவீதம் கொழும்பின் வசதியான வீடுகளையும் மட்டக்குளி, முகத்துவாரம் பக்கத்து முடுக்கு வீடுகளையும் கலந்து எடுத்த சராசரி. ஆஸ்பத்திரி பக்கத்தில், கடை பக்கத்தில், மாநகர சபைக்கே சொந்தச் சுகாதாரப் பிரிவும் உண்டு. இருந்தும் எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டிய வாழ்க்கை. ஒரு அறை வீட்டில் சமைப்பதை விட மாலு பாணும் பிஸ்கட்டும் வாங்குவது லேசு. வயிறு நிரம்பியும் சத்தில்லாத பிள்ளைகள் இங்கே உண்டு. சராசரி அவர்களைக் காட்டாது.

2022 பொருளாதார நெருக்கடியில் இந்த நகர வாழ்க்கையின் பலவீனம் வெளியே வந்தது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். சமையல் காஸ் இல்லை, பால்மா இல்லை. கிராமத்தில் மரவள்ளியும் பலாவும் கைகொடுத்தன. தோட்டத்தில் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1000 ரூபாயாகி, 2024 வரை அங்கேயே நின்றது. மாவின் விலை அந்தக் காலத்தில் எங்கே போனது என்று அடுப்பு எரித்த எல்லோருக்கும் தெரியும்.

நாற்பதிலிருந்து முப்பத்திரண்டு

2006-07 ஆய்வில் தோட்டத்து உயரக்குறைவு 40.2 சதவீதம். பத்து வருடத்தில் எட்டுப் புள்ளிக்கு மேல் இறங்கியிருக்கிறது. அதே காலத்தில் நாட்டின் சராசரி இரண்டு ஆய்விலும் 17.3, முதல் ஆய்வில் வட மாகாணம் சேரவில்லை என்பதை நினைவில் வைத்தாலும், நகரமும் கிராமமும் நின்ற இடத்திலேயே நின்றன என்று சொல்லலாம். ஆக அந்தப் பத்தாண்டில் தெளிவாக முன்னேறியது தோட்டம்தான். வீட்டுக்கொரு கழிவறை, ஆஸ்பத்திரிப் பிரசவம், பெண் பிள்ளைகள் கூடுதலாகப் படித்தது, நகரத்துக்கு வேலைக்குப் போனவர்கள் அனுப்பிய பணம் ஆகிய எல்லாமே இதில் சேர்ந்திருக்கும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இந்த ஆய்வுகள் போதாது. ஆனால் 'பரம்பரை' என்று கைவிரித்தவர்களுக்கு இந்த எட்டுப் புள்ளி போதுமான பதில்.

இந்த மக்களின் மூதாதையர் ஊரான மதுரைப் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1980இல் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளை மாதாமாதம் நிறுத்து, நிறை ஏறாத பிள்ளைக்கு உடனே உணவு கொடுத்தது. பிள்ளை எல்லைக்கோட்டுக்குக் கீழே விழும் வரை காத்திருக்காமல், வளர்ச்சி நின்ற மாதத்திலேயே தலையிட்டது. தோட்டத்துக்கு வேண்டியது இதே நோக்கு, நீளத்தையும் சேர்த்து.

நீளம் அளப்பதை மாதாமாதம் செய்ய வேண்டியதில்லை. முதல் இரண்டு வருடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒழுங்காகச் செய்தால் போதும். அந்தப் பெண் பிள்ளை இரண்டு வயதில் 78 சென்டிமீட்டரில் நிற்பதற்கு முன், ஒன்பதாம் மாதத்திலேயே கோடு சரிவது தெரிந்துவிடும். திரிபோஷாவுக்கான தகுதியில் நீளத்தையும் சேர்க்கலாம். தோட்டத்தைப் பொறுத்தவரை, இரண்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைக்கும் கொடுத்துவிடுவதே மேல் என்பது என் கருத்து. மூன்றில் ஒருவருக்குக் குறை இருக்கும் இடத்தில் தேர்ந்தெடுக்கும் வேலையே வீண். பிள்ளைக் காம்பராவில் பகலுக்கு ஒரு முட்டை என்றால்கூட வித்தியாசம் தெரியும். கொழுந்து பறிக்கும் தாய்க்கு 84 நாளை ஆறு மாதமாக்குவதற்குக் கம்பனியிடம் மட்டும் கேட்டால் நடக்காது, அரசு அந்தச் செலவில் பங்கெடுக்க வேண்டும்.

2018 திருத்தத்துக்குப் பின் பிரதேச சபைகள் தோட்டத்துக் குடிநீருக்கும் வடிகாலுக்கும் எவ்வளவு ஒதுக்கின என்பதை ஒவ்வொரு சபையின் வரவுசெலவிலும் பார்த்துக் கேட்க முடியும். கேட்பவர்கள் உறுப்பினர்களாகவும் வாக்காளர்களாகவும் உள்ளூரிலேயே இருக்கிறார்கள்.

அடுத்த குடிசனவியல், சுகாதார ஆய்வில் தோட்டத்துறையின் மாதிரியைப் பெரிதாக்கி, மாவட்டம் மாவட்டமாகப் பிரித்துத் தரவேண்டும். பதுளையின் தேயிலை மலையும், கேகாலை, களுத்துறைப் பக்கத்து இறப்பர் தோட்டமும் ஒன்றல்ல. இறப்பர் தோட்டத்தில் சில பத்துக் குடும்பங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறி இருக்கின்றன. அவர்களுடைய பிள்ளைகளை அருகிலிருக்கும் கிராமத்துக் கிளினிக் அளக்கிறதா, தோட்டத்து டிஸ்பென்சரி அளக்கிறதா, அல்லது இரண்டும் அளக்கவில்லையா என்பதை 31.7 என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது.